மோட்டார் ஏன் தூக்கவில்லை? பன்னிரண்டாம் வகுப்பு மின்னோட்டவியலில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

தென் மாவட்டம் ஒன்றில், நகரத்தை விட்டுத் தள்ளியிருக்கும் அரசு மேல்நிலைப் பள்ளி. பன்னிரண்டாம் வகுப்பு அறிவியல் பிரிவு, தமிழ் வழி. முப்பத்துச் சொச்சம் மாணவர்கள். பாதிப் பேர் வீட்டில் விவசாயம், மீதிப் பேர் வீட்டில் கூலி வேலை, சிறு கடை, தையல். இயற்பியல் எடுப்பவர் பல வருட அனுபவமுள்ள முதுகலை ஆசிரியை. பொதுத் தேர்வில் அவருடைய தேர்ச்சி விகிதம் எப்போதும் நன்றாகவே இருந்திருக்கிறது. நான் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதே பாடம் எடுப்பவன். திட்டமிடும்போது கூட இருந்தேன். சில வகுப்புகளில் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். மாணவர்களின் விடைத்தாள்களையும் பார்த்தேன்.

முதல் அலகான நிலைமின்னியல் முடிந்து, இரண்டாவது அலகான மின்னோட்டவியல் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தது. ஓம் விதி, தொடரிணைப்பு, பக்க இணைப்பு, மின்தடை எண் வரை முடித்து ஒரு தேர்வு வைத்தார். கணக்குகளை மாணவர்கள் நன்றாகவே போட்டார்கள். இரண்டு மின்தடைகள் தொடரில், மின்கலம் இத்தனை வோல்ட், மின்னோட்டம் என்ன என்றால் வகுப்பில் பெரும்பாலோருக்கு விடை வந்தது.

கவனித்தது

அடுத்த நாள் ஆசிரியை எண்களே இல்லாத மூன்று கேள்விகளைக் கொடுத்தார். ஒரே மாதிரியான இரண்டு பல்புகள் தொடரில் இருக்கின்றன. எது அதிக வெளிச்சம் தரும்? ஒரு பல்பு எரியும் சுற்றில் இன்னொன்றைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் கூடுமா, குறையுமா, அப்படியே இருக்குமா? சுற்று திறந்திருக்கும்போது ஸ்விட்சின் இரு முனைகளுக்கு இடையே மின்னழுத்த வேறுபாடு எவ்வளவு?

முந்தைய நாள் தொடரிணைப்புக் கணக்கை முழுதாகப் போட்ட ஒரு மாணவி முதல் கேள்விக்கு எழுதிய விடை இது: "முதல் பல்பு தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொள்ளும். மீதிதான் இரண்டாவதற்குப் போகும். அதனால் இரண்டாவது மங்கலாக எரியும்." அதே தாளின் மேல் ஓரத்தில், தொடரிணைப்பில் மின்னோட்டம் சமம் என்று அவரே சூத்திரத்தோடு எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலோர் "அப்படியே இருக்கும், இரண்டு பல்பும் பங்கு போட்டுக்கொள்ளும்" என்று எழுதினார்கள். ஸ்விட்ச் கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் சுழி என்றார்கள். மின்னோட்டம் இல்லை என்றால் வோல்டேஜும் இல்லை என்பது அவர்கள் கணக்கு. மூன்றுமே தவறு: இரண்டு பல்பும் ஒரே அளவு எரியும், மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் கூடும், திறந்த ஸ்விட்சில் மின்கலத்தின் முழு வோல்டேஜும் இருக்கும்.

இது இந்தப் பள்ளியில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் லிலியன் மெக்டெர்மாட்டும் பீட்டர் ஷாஃபரும் 1992இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களிடமே இதே எண்ணங்களைக் கண்டார்கள்: பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது, மின்கலம் எதோடு இணைத்தாலும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. ஐந்து பல்புகளை வெளிச்ச வரிசையில் அடுக்கச் சொன்ன அவர்களுடைய கேள்விக்கு நூற்றுக்குச் சுமார் 15 பேர்தான் சரியாகப் பதில் சொன்னார்கள். அவர்களும் சாதாரணப் பாடம் படித்து முடித்தவர்கள்தான்.

என்ன செய்வது என்ற யோசனை

மூன்று வழிகள் முன்னால் இருந்தன. பாடத்தைத் திரும்ப நடத்துவது ஒன்று. முதல் தடவை விளக்கியதில் குறை ஒன்றும் தெரியவில்லை என்பதால் அது எடுபடவில்லை. ஹைடெக் லேபில் கணினிப் பாவனைச் சுற்றுகளைக் காட்டுவது இன்னொன்று. அதில் மாணவர்கள் பார்வையாளர்களாக உட்கார்ந்துவிடுவார்கள் என்று ஆசிரியை நினைத்தார். மூன்றாவது வழி பிரச்சினை வழிக் கற்றல்.

இந்த முறை கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் 1969இல் தொடங்கியது. பாடத்தை முதலில் நடத்திவிட்டு நோயாளியைக் காட்டாமல், நோயாளியின் நிலையை முதலில் கொடுத்து, அதற்கு என்ன தெரிய வேண்டும் என்பதை மாணவர்களே கண்டுபிடிக்க வைத்தார்கள். 1990களில் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் இது இளநிலை இயற்பியல் வகுப்புக்கும் வந்தது. பாடப்புத்தகத்தின் கடைசியில் இருக்கும் பயிற்சிக் கணக்கு வேறு, இது வேறு. பயிற்சிக் கணக்கில் தேவையான எல்லா எண்களும் இருக்கும், தேவையற்றது ஒன்றும் இருக்காது, எந்தச் சூத்திரம் என்பதை அது வரும் பக்கமே சொல்லிவிடும். எங்கள் மாணவர்கள் இத்தனை நாள் கைதேர்ந்தது அந்த விளையாட்டில்தான் என்பது என் கருத்து.

பிரச்சினை எங்கிருந்து வந்தது என்றால், வகுப்பில் ஒருவரின் வீட்டிலிருந்தே. யார் வீடு என்று வெளியே தெரியாதபடி விவரங்களை மாற்றி ஆசிரியை எழுதிய தாள் இது:

"வீட்டு மீட்டர் பெட்டியிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கிணறு. அதில் 1 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார். இழுத்திருப்பது ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஒயர். மீட்டர் பெட்டியில் 225 வோல்ட் வருகிறது. மோட்டாரைப் போடாதபோது கிணற்றடி ஸ்விட்சில் பார்த்தாலும் அதே 225. ஆனால் மோட்டாரைப் போட்டால் உறுமுகிறது, தூக்கவில்லை. கடைக்காரர் ஸ்டெபிலைசர் வாங்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கண்டன்சரை (மோட்டாரைக் கிளப்ப உதவும் மின்தேக்கி) மாற்றச் சொல்கிறார். வயர்மேன் ஒயரையே மாற்றச் சொல்கிறார். கையில் பணம் குறைவு. எதைச் செய்யச் சொல்வீர்கள்? ஏன்?"

இதில் மின்னோட்டம் எவ்வளவு என்று சொல்லவில்லை. அதைக் கேட்டு வாங்க வேண்டும். மோட்டாரின் பெயர்ப்பலகை விவரம், தாமிரத்தின் மின்தடை எண், ஸ்டெபிலைசர் வேலை செய்யும் விதம் ஆகியவற்றைத் தனித்தனிச் சீட்டுகளாக எழுதி ஆசிரியை மேசையில் வைத்துக்கொண்டார். கேட்ட குழுவுக்கு மட்டும், கேட்ட சீட்டு மட்டும்.

பாதுகாப்பு பற்றிய முடிவைத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கொடுத்தார்கள்: மாணவர்கள் யாரும் வீட்டிலோ தோட்டத்திலோ 230 வோல்ட் இணைப்பில் எதையும் தொடவோ அளக்கவோ கூடாது. அளவுகள் எல்லாம் ஆய்வகத்தில், 6 வோல்ட்டில். நிஜ மோட்டாரில் அளக்க வேண்டியதை வயர்மேன் அளப்பார், மாணவர்கள் தள்ளி நின்று பார்ப்பார்கள். இதில் விட்டுக்கொடுக்க ஆசிரியை தயாராக இல்லை. அது சரிதான் என்று நானும் நினைத்தேன்.

முதல் சில வகுப்புகள்

ஐந்து ஐந்து பேராகக் குழு. தாளைப் படித்து முடித்ததுமே சத்தம் கிளம்பியது. வீட்டில் மோட்டார் போட்டுப் பழகிய பையன்கள் பேச ஆரம்பித்தார்கள்: கண்டன்சர்தான், எங்கள் வீட்டிலும் இப்படித்தான் ஆச்சு. மாணவிகள் பெரும்பாலான குழுக்களில் எழுதுபவர்களாக ஒதுங்கினார்கள். அனுபவம் உள்ளவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள், மற்றவர்கள் அதைப் பதிவு செய்தார்கள்.

இரண்டாம் வகுப்பிலேயே ஆசிரியை ஒரு விதி சேர்த்தார். அந்தப் பாடவேளையில் அதுவரை கேள்வி கேட்காத ஒருவர் வந்து கேட்டால்தான் சீட்டு. வேகம் குறைந்தது. பையன்கள் சிலர் சலித்துக்கொண்டார்கள். ஆனால் இந்தப் பாடத்தின் முக்கியமான கேள்வி அப்படித்தான் வந்தது. ஒரு குழு, மோட்டார் பக்கம் 225 வருகிறது, அப்புறம் லோ வோல்டேஜ் என்ற பேச்சுக்கே இடமில்லை, அதனால் ஒயரில் குறையில்லை என்று முடிவு கட்டியிருந்தது. சீட்டு வாங்க அனுப்பப்பட்ட மாணவி மேசைக்கு வந்து கேட்டார்: "மிஸ், மோட்டார் ஓடாதப்ப ஒயர்ல கரண்டே இல்லையே. அப்ப அளந்து என்ன பிரயோஜனம்?"

ஆசிரியை பதில் சொல்லவில்லை. ஆய்வகத்துக்குப் போய் அளந்து பார்க்கச் சொன்னார்.

ஆய்வகத்தில்

6 வோல்ட் பேட்டரி எலிமினேட்டர் (பேட்டரிக்குப் பதிலாக வைக்கும் கருவி), சைக்கிள் டைனமோ பல்பு, நீண்ட ஒயருக்குப் பதிலாகப் போக ஒன்றும் வர ஒன்றுமாக மின்தடை அதிகமுள்ள நைக்ரோம் கம்பியில் இரண்டு துண்டுகள், ஒரு வோல்ட்மீட்டர். பல்பைக் கழற்றிவிட்டு அதன் முனைகளில் அளந்தார்கள்: 6 வோல்ட். பல்பைப் போட்டார்கள்: நாலுக்குக் கீழே இறங்கியது. நைக்ரோமின் நீளத்தைக் குறைத்தால் ஏறியது. இதை மூன்று நான்கு தடவை திரும்பத் திரும்பச் செய்தார்கள். யாரும் செய்யச் சொல்லவில்லை. மின்னோட்டம் ஓடினால்தான் ஒயரில் வோல்டேஜ் விழும், ஓடாவிட்டால் முழு வோல்டேஜும் கடைசி வரை போய் நிற்கும் என்பது அன்றைக்குப் பெரும்பாலோருக்குப் பிடிபட்டது. திறந்த ஸ்விட்ச் கேள்விக்கான பதிலும் இதுவே.

எதிர்பாராத ஒன்றும் நடந்தது. பல்பைப் போட்டதும் எலிமினேட்டரின் முனையிலேயே வோல்டேஜ் சற்று இறங்குவதை ஒரு குழு கவனித்தது. கருவி கெட்டுவிட்டது என்று புகார் சொன்னார்கள். கெடவில்லை, அதற்குள்ளும் மின்தடை இருக்கிறது என்று ஆசிரியை சொல்ல, மின்னியக்கு விசையும் அக மின்தடையும் பாடமாக வருவதற்கு முன்னாலேயே வகுப்புக்குள் வந்துவிட்டன. சாயங்காலம் தெருவே மோட்டார் போடும்போது வீட்டு பல்பு மங்குவதற்கும் இதுதான் காரணமா என்று ஒரு மாணவர் கேட்டார். டிரான்ஸ்பார்மருக்கும் அது பொருந்தும், ஊர் ஒயருக்கும் பொருந்தும்.

வயர்மேன் வந்த நாள்

பள்ளியின் தண்ணீர்த் தொட்டி மோட்டாரும் 1 எச்.பி.தான். ஒயரைச் சுற்றிப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் டாங் டெஸ்டரோடு வயர்மேன் வந்தார். மோட்டாரைப் போட்ட கணத்தில் முள் துள்ளி முப்பதைத் தாண்டி, உடனே இறங்கி 7 ஆம்பியரை ஒட்டி நின்றது. "ஸ்டார்ட்டிங்ல அப்படித்தான் இழுக்கும் தம்பி" என்றார். அதற்குள் குழுக்கள் தங்கள் கணக்கைக் காட்டின. எல்லாக் குழுவும் ஒயரின் நீளத்தை 150 மீட்டர் என்றே எடுத்திருந்தது. அவர் நோட்டைப் பார்த்துவிட்டு, "நியூட்ரல் எங்க போச்சு? கரண்ட் போயிட்டுத் திரும்பி வரணும்ல?" என்று கேட்டார்.

திரும்பி வரும் ஒயரில் கரண்ட் குறைவாகத்தானே இருக்கும் என்று ஒரு குழு சந்தேகம் கிளப்பியது. அந்தக் குழு மட்டும் ஆய்வகத்துக்குத் திரும்பிப் போய், போகும் வழியிலும் வரும் வழியிலும் அம்மீட்டரை மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு வந்தது. இரண்டிலும் ஒரே அளவு. மற்றக் குழுக்கள் அதைக் கேட்டுத் தலையாட்டின. இந்த வேறுபாடு பின்னால் முக்கியமாகிறது.

கணக்கு திரும்பிய இடம்

தாமிரத்தின் மின்தடை எண் சுமார் 1.72 × 10⁻⁸ ஓம் மீட்டர். அதாவது ஒரு சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு மீட்டருக்கு 0.0172 ஓம். போக வர 300 மீட்டர், குறுக்குவெட்டு 1.5 என்றால் 0.0172 × 300 ÷ 1.5 = 3.44 ஓம். ஓடும்போது 7 ஆம்பியர் என்றால் இழப்பு 24 வோல்ட். மோட்டாருக்கு 201 கிடைக்கிறது. இது மோசம், ஆனால் ஓடுகிற மோட்டார் நின்றுவிடும் அளவுக்கு இல்லை.

அடுத்து ஸ்டார்ட்டிங். முழு 230 வோல்ட்டில் 35 ஆம்பியர் இழுக்கும் என்று சீட்டில் இருந்தது. ஏறக்குறைய எல்லோரும் 35ஐ 3.44ஆல் பெருக்கி, 120 வோல்ட் இழப்பு, மீதி 105 என்று எழுதினார்கள். இங்கேதான் அந்தப் பழைய எண்ணம் புது வேஷத்தில் வந்து நின்றது: மோட்டார் எந்த நிலையிலும் அதே 35 ஆம்பியரை இழுக்கும்.

ஆசிரியை அதை அடித்துத் திருத்தவில்லை. பலகையில் 105 என்பதை எழுதி வட்டம் போட்டு, "105 வோல்ட்தான் கிடைக்குதுன்னா, அது எப்படிப்பா அப்பவும் 35 ஆம்பியர் இழுக்கும்?" என்று மட்டும் கேட்டார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் குறைவாக இழுக்கும் என்றார்கள். குறைவாக இழுத்தால் ஒயரில் இழப்பும் குறையும். அப்படியானால் மோட்டாருக்கு 105ஐ விட அதிகம் கிடைக்கும். அப்போது மீண்டும் அதிகம் இழுக்குமே! இந்தச் சுழலில் ஒரு பாடவேளை முழுக்கப் போனது. பார்த்துக்கொண்டிருந்த எனக்கே, சொல்லிக்கொடுத்துவிடலாமா என்று வாய் வரை வந்தது. கடைசியில் ஒரு குழு, நிற்கும் மோட்டாரை 230 ÷ 35, அதாவது சுமார் 6.6 ஓம் மின்தடையாக எடுத்து, ஒயரின் 3.44 ஓமோடு தொடரில் போட்டது. மொத்தம் 10 ஓம். 225 வோல்ட்டுக்கு 22.5 ஆம்பியர். மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 148 வோல்ட். வெறும் தொடரிணைப்புக் கணக்குதான். முதல் தேர்விலேயே பெரும்பாலோர் சரியாகப் போட்டது.

மாறுதிசை மின்னோட்டத்தில் மோட்டாரை வெறும் மின்தடையாக எடுப்பது தோராயம்தான் என்பதை ஆசிரியை ஒளிக்கவில்லை. நான்காவது அலகில் அதற்குத் திரும்புவோம் என்றார். தொடக்கத் திருப்புவிசை வோல்டேஜின் இருமடிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்ற சீட்டையும் கொடுத்தார். 148க்கும் 230க்கும் உள்ள விகிதத்தை இருமடியாக்கினால் சுமார் 0.41. பாதி பலம்கூட இல்லை. உறுமுவது ஏன் என்று தெரிந்துவிட்டது.

குழுக்களின் முடிவு

ஸ்டெபிலைசர் யோசனையை ஒரு குழு அழகாக உடைத்தது. மீட்டர் பக்கம் வைத்தால் அதற்கு 225 வருகிறது, எல்லாம் சரி என்று சும்மா இருந்துவிடும். மோட்டார் பக்கம் வைத்தால் வோல்டேஜை ஏற்ற அது ஒயரிலிருந்து இன்னும் அதிக கரண்டை வாங்கும், ஒயரில் இழப்பு இன்னும் கூடும். நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: 25 சதவீதம் ஏற்றிக் கொடுக்கும் ஸ்டெபிலைசர் மோட்டார் பக்கம் இருந்தால் 148 வோல்ட் சுமார் 155 ஆகும், அவ்வளவுதான்.

ஒயரை 4 ஸ்கொயர் ஆக்கினால் மின்தடை 1.29 ஓம். ஸ்டார்ட்டிங்கில் சுமார் 188 வோல்ட் கிடைக்கும். இன்னொரு குழு 6 ஸ்கொயர் அலுமினியம் போட்டால் கிட்டத்தட்ட அதே மின்தடை, விலை குறைவு என்றது. அலுமினியத்தில் இணைப்பு சரியாகப் போடாவிட்டால் லூசாகிச் சூடேறும் என்று வயர்மேன் எச்சரித்தார்.

கண்டன்சர் கட்சியும் தோற்கவில்லை. கண்டன்சர் பழுதானாலும் மோட்டார் இப்படித்தான் உறுமும். எது காரணம் என்று பிரித்தறிய, மோட்டார் உறுமும்போதே அதன் முனைகளில் அளக்க வேண்டும்: 200க்கு மேல் இருந்தால் கண்டன்சரைச் சந்தேகப்படலாம், 150ஐ ஒட்டி இருந்தால் முதலில் ஒயரைச் சந்தேகப்படலாம், ஆனால் கண்டன்சர் பழுதாகி மோட்டார் நின்றாலும் இந்த ஒயரில் வோல்டேஜ் இறங்கும் என்பதால் அது மட்டும் போதாது. இந்தச் சோதனையை மாணவர்களே முன்மொழிந்தார்கள். அந்த வீட்டில் வயர்மேன் அப்படி அளந்தார். சந்தேகம் ஒயர் மேல் விழுந்தது. பணம் சேர்ந்த பிறகு ஒயரை மாற்றினார்கள், மோட்டார் தூக்கியது.

விளைவு

அலகு முடிந்த பிறகு பழைய மூன்று கேள்விகளையும் உருமாற்றி மீண்டும் வைத்தார்கள். திறந்த ஸ்விட்ச் கேள்வியில் பெரும்பாலோர் சரியான விடையைக் காரணத்தோடு எழுதினார்கள். மின்கலம் எப்போதும் ஒரே மின்னோட்டம் தரும் என்ற எண்ணமும் வெகுவாகக் குறைந்திருந்தது. "105 வோல்ட் கேள்வி" என்றே சிலர் விடைத்தாளில் குறிப்பிட்டிருந்தார்கள்.

பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிடுகிறது என்ற எண்ணம் மட்டும் கணிசமானவர்களிடம் அப்படியே இருந்தது. அம்மீட்டரை இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்த குழுவில் எல்லோரும் சரியாக எழுதியிருந்தார்கள். தலையாட்டிய குழுக்களில் பலர் பழைய விடைக்கே திரும்பியிருந்தார்கள். ஒரே வகுப்பு, ஒரே வாரம், ஒரே ஆசிரியை. இந்த ஆய்விலிருந்து நான் எடுத்துக்கொண்ட முக்கியமான தகவல் இதுதான்.

வழக்கமான கணக்குத் தேர்வில் மதிப்பெண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. போர்ஷன் பின்தங்கியது. மாலை சிறப்பு வகுப்புகளில் ஈடுகட்ட வேண்டியிருந்தது, சில பெற்றோர்கள் முணுமுணுத்தார்கள். தெரியாத மின்தடையை ஒரு மீட்டர் கம்பியைக் கொண்டு அளக்கும் மீட்டர் சமனச்சுற்றுச் செய்முறை வந்தபோது, அந்தப் பலகையில் ஏன் இவ்வளவு தடிமனான தாமிரப் பட்டைகள் என்று ஒரு மாணவி கேட்டு, அவற்றின் மின்தடை மிகக் குறைவாக இருக்கத்தான் என்ற பதிலையும் தானே சொன்னார். செய்முறைப் பதிவேட்டில் இதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது.

அடுத்த முறை மாற்றுவது

மோட்டார் பிரச்சினையில் ஒரே சுற்று, ஒரே சுமை. மின்னோட்டம் தீர்ந்துபோகிறது என்ற எண்ணத்தோடு மாணவர்களை மோத வைக்க அது போதாது. அதற்கு முன்னால் சிறியதாக ஒன்று வைக்க ஆசிரியை முடிவு செய்திருக்கிறார்: கோவில் கொடைக்குக் கட்டும் சீரியல் செட் மாதிரி, டார்ச் பல்புகளைத் தொடரில் கோத்து, எது பிரகாசமாக எரியும், நடுவில் ஒன்று போனால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே எழுதி வாங்கிவிட்டு அளக்க விடுவது. அம்மீட்டர் அளவு எல்லாக் குழுவுக்கும் கட்டாயம். ஒரு குழு பார்த்ததை மற்றவர்களுக்குச் சொல்லிக் காட்டுவதோடு நிறுத்தப் போவதில்லை.

சீட்டு விதி முதல் நாளிலிருந்தே இருக்கும். ஸ்டார்ட்டிங் கணக்குக்கு இரண்டு பாடவேளை ஒதுக்கப்படும், அந்த நேரத்தை ஈடுகட்ட, மாணவர்கள் ஏற்கெனவே நன்றாகப் போடும் எளிய தொடரிணைப்புக் கணக்குகள் வீட்டுப்பாடமாகப் போகும். பிரச்சினை வழி முறையை எல்லா அலகுக்கும் நீட்டும் எண்ணம் ஆசிரியைக்கு இல்லை. இந்த ஆண்டுக்கு மின்னோட்டவியலோடு ஒளியியலில் ஒன்று, அதுவும் இரண்டாம் இடைப்பருவத் தேர்வு முடிந்த பிறகு.